இருபத்து மூன்றாம் அடிக்குறிப்பு

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் வரிசையாக இருக்கும் மூன்று ஜெராக்ஸ் கடைகளில் நடுக்கடை ஜுலைகா பீவியுடையது. பலகையில் கணவர் முகம்மது ஆரிபின் பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆனால் தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் ஆரிப் பாயிடம் ஜெராக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு, மனு அடிக்க ஜுலைகாவின் முன்னால்தான் போய் உட்காருவார்கள். அவள் அடித்துக் கொடுத்த மனு லேசில் திரும்பி வராது என்று பேர். வந்தவர் சொல்வதை அப்படியே அடித்துத் தள்ளுகிற ஆளில்லை அவள். "எந்தத் தேதி? யாரு சொன்னா? தாளு இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பாள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆரிப் நெற்றியில் அடித்துக்கொள்வார். சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, 2009இல், வெள்ளிக்கிழமை தோறும் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசைப்பட்டு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். "என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்" என்பார். பேச்சு வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம். மீதி ஆறு நாளும் அந்தப் பெட்டி சும்மா கிடக்க வேண்டியதுதானே? கிடக்கவில்லை. மகள் ரிஸானா பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் ஜுலைகா இணையத்தில் தன் ஊர்ப் பெயரைத் தேடினாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் ஊரைப் பற்றி மொத்தம் நாலே வரி. அந்த நாலில் ஒன்று தப்பு. அவள் திருத்தினாள். மறுநாள் போய்ப் பார்த்தாள், திருத்தியது திருத்தியபடியே இருந்தது. உலகத்தில் ஒரு தப்பைச் சரிசெய்ய யாருக்கும் மனு கொடுக்க வேண்டியதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு கனக்கும். மொத்தமே ஐம்பது அறுபது பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒருவர் டொரோண்டோவில் இருப்பார், ஒருவர் திருகோணமலையில் இருப்பார், ஜுலைகா அடுக்களைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பாள். ஒரு கட்டுரையில் நொச்சி மலரின் நிறத்துக்காக நாலு நாள் சண்டை போடுவார்கள். ஐந்தாம் நாள் பெருநாள் வாழ்த்துச் சொல்வார்கள். எதைத் திருத்தினாலும், ஏன் திருத்தினேன் என்று எழுத ஒரு காரணப் பெட்டி உண்டு. எதை நீக்கினாலும் அது அழிந்து போகாது. கட்டுரையின் பின்னால் இருக்கும் வரலாற்றுப் பக்கத்தில் தேதியோடும் காரணத்தோடும் கிடக்கும். எழுதத் தெரிந்த நாள் முதலாய் அழிந்துபோகிற எழுத்தையே எழுதி வந்த, அதாவது பலசரக்குச் சீட்டும் பால் கணக்கும் போல எதையாவது எழுதி வந்த பெண்ணுக்கு, அழியாத பக்கம் ஒன்று கிடைத்ததில் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போயிற்று.

பதினாறு வருடத்தில் அவள் மதிப்பாய்வாளர் ஆகிவிட்டாள். ஒரு கட்டுரை முதல் பக்கத்துக்குப் போகும் முன் சக தொகுப்பாளர்கள் இரண்டு பேர் அதை வரிவரியாகப் படித்து, ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜுலைகாவிடம் சிக்கினால் கதை முடிந்தது என்பார்கள். அவளுக்கு அங்கே 'சான்று அக்கா' என்று பெயர். வரிக்கு வரி 'சான்று தேவை' என்று முத்திரை குத்திவிடுவாள். நல்ல நல்ல எழுத்துக்காரர்கள் அவள் குத்திய குத்தில் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வராமல் இருந்ததுண்டு.

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட வாரத்தில் அவளுக்கு ஒரு கட்டுரை வந்தது. 'தென்பாண்டிச் சிற்றரசுகளின் தொடக்கக் காலம்.' எழுதியவன் லிங்கேஷ். இளையரசனேந்தல் போகிற வழியில் இருக்கும் உப்போடைப்பட்டிக்காரன், மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறாத நேரமெல்லாம் நூலகத்தில் கிடந்து இரண்டு வருடம் உழைத்து எழுதியிருந்தான். கல்வெட்டுத் தொகுதிகள், அகழாய்வு அறிக்கைகள், ஆராய்ச்சி நூல்கள் என்று நூற்றுப் பத்து அடிக்குறிப்பு. மூன்று நாள் உட்கார்ந்து இருபத்திரண்டை ஒத்துப் பார்த்தாள். ஒரு பக்க எண் கூடப் பிசகவில்லை. 'எழுதினால் இப்படி எழுத வேண்டும்' என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆதார் ஜெராக்ஸுக்கு நின்ற பெண் தன்னைச் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள்.

இருபத்து மூன்றாம் அடிக்குறிப்பில் வண்டி நின்றது.

"உப்போடைப்பட்டிக் குளத்தை வெட்டியவன் நன்னீர்வேள் என்னும் குறுநில மன்னன். மூன்று மடைகள் கொண்ட இக்குளத்தின் முதல் மடை நீரை அசலூரிலிருந்து வரும் வழிப்போக்கருக்கே விட வேண்டும் என்று அவன் கட்டளையிட்டான்." சான்று, 2017இல் வெளிவந்த வட்டார வரலாற்றுப் புத்தகம் ஒன்று, பக்கம் அறுபத்தொன்று. லிங்கேஷ் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தும் வைத்திருந்தான். ஜுலைகா படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். கடைசி வரி: 'ஊராரின் தாகம் இரண்டாவதே என்றான் அவன்.'

அதை இன்னொரு முறை படித்தாள். அந்த வரியை எழுதியது அவள்.

2010இல் கலைக்களஞ்சியத்தில் ஒரு போட்டி நடந்தது. ஒரு மாதத்தில் யார் அதிகம் கட்டுரை எழுதுகிறார்கள் என்று. கட்டுரை இருநூற்றைம்பது சொல்லாவது இருந்தால்தான் கணக்கில் வரும். ஜுலைகா வெறி பிடித்ததுபோல் சுற்று வட்டார ஊர்களை எல்லாம் எழுதித் தள்ளினாள். உப்போடைப்பட்டிக்கு மக்கள்தொகை, மழையளவு, பஸ் வசதி எல்லாம் போட்டும் இருபத்தேழு சொல் குறைந்தது. அப்போதுதான் வாப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

அவளுடைய வாப்பா பாதுஷா கடையநல்லூரில் கைலி வியாபாரி. தறியிலிருந்து கைலியை வாங்கி மூட்டை கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினால் கரிசல்காட்டு ஊர்களை எல்லாம் சுற்றிவிட்டு வியாழக்கிழமைதான் திரும்புவார். வந்ததும் மூட்டையைப் பிரிப்பார். புதுக் கைலியின் கஞ்சி வாசம் வீடு முழுக்க நிறையும். அந்த வாசத்துக்கு நடுவில் ஒன்பது வயது ஜுலைகா உட்கார்ந்து ஊர் ஊராகக் கதை கேட்பாள். ஒரு நாள் கேட்டாள், "உப்போடப்பட்டியில ஒரு கைலி கூட விக்க மாட்டேங்குதுன்னு சொல்லுதீய. பொறவு எதுக்கு வாப்பா வாரா வாரம் அங்கன போறீய?" வாப்பா அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே உம்மா எண்ணெய்ச் சட்டியில் எதையோ திருப்பிக்கொண்டிருந்தாள். வாப்பா மூட்டைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கன ஒரு ராசா இருந்தாருட்டி மக்கா. கொளத்த வெட்டி, மொதத் தண்ணி அசலூர்க்காரனுக்கு, பொறவுதான் ஊருக்குன்னு கட்டள போட்டாரு. அந்த ஊர மிதிக்காமப் போவக் கூடாது."

இவ்வளவுதான் அவர் சொன்னது. பெயர் சொல்லவில்லை. 'வேள்' என்று முடிந்தால் பழமையாகத் தோன்றும் என்று பெயர் வைத்தது ஜுலைகா. மடைக்கு மூன்று என்று எண்ணிக்கை போட்டதும் ஜுலைகா. இருபத்தேழு சொல்லும் நிறைந்தது, போட்டியில் மூன்றாம் பரிசும் வந்தது. 2013இல் ஒரு பத்திரிகையின் இணைப்பிதழில் யாரோ அதை எடுத்துப் போட்டார்கள். வேறொரு தொகுப்பாளர் அந்த இணைப்பிதழையே அந்த வரிக்குச் சான்றாகக் கொண்டுவந்து கட்டினார். ஜுலைகா அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஊரெல்லாம் 'சான்று தேவை' என்று குத்திக்கொண்டு திரிந்த காலம் அது. தன் வரியை மட்டும் தொடவில்லை. வாப்பா சொன்னது பேப்பரிலேயே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். அப்போது வாப்பா மவுத்தாகிப் பதினைந்து வருடம். அவர் எழுதிய கடிதமில்லை, குரல் பதிவான கேசட் இல்லை, இருந்த ஒரே போட்டோவும் மழையில் ஊறிப் போயிற்று. அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல் உலகத்தில் நிலைத்திருக்கிற ஒரே இடம் அந்த வரிதான். இப்போது பத்திரிகையிலிருந்து புத்தகத்துக்குப் போய், புத்தகத்திலிருந்து சுற்றிக்கொண்டு அவள் மேசைக்கே அடிக்குறிப்பாக வந்திருக்கிறது.

அடிக்குறிப்புக்கு எதிரே இருக்கும் கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். 'சரிபார்க்கப்பட்டது.' புத்தகம் உண்மை, பக்க எண் உண்மை, ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பதினைந்தாம் தேதி கட்டுரை முதல் பக்கத்தில் வந்துவிடும், நன்னீர்வேளும் பாண்டியர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அடித்தால் வாப்பா இருப்பார். ஆனால் பதினாறு வருடமாக மற்றவர்கள் எழுத்தில் அவள் குத்திய முத்திரை அத்தனையும் பொய்யாகிவிடும்.

இரண்டு நாள் அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடிற்று. மூன்றாம் நாள் ஆரிப், "மொகத்த ஏன் இப்பிடி வச்சிருக்க? யாரும் திட்டுனாங்களா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஜெராக்ஸ் மிஷினுக்குக் காகிதம் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "மாமா சொன்னது பொய்யின்னு எழுதப் போறியா?" என்றார். அந்தக் கேள்விதான் அவளை வாட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் மதிப்பாய்வுப் பக்கத்தில் எழுதினாள்: "அடிக்குறிப்பு 23: இந்தச் செய்திக்கு மூலம் நானே. 2010இல் சான்றில்லாமல் நான் எழுதிய வரியிலிருந்தே பத்திரிகையும் புத்தகமும் எடுத்துள்ளன. அரசனின் பெயரும் மூன்று மடைகளும் என் கற்பனை. நீக்கப் பரிந்துரைக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது." பொத்தானை அமுக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் லிங்கேஷ் போன் செய்தான்.

"அக்கா... அந்தப் பத்திய எடுத்துட்டா கட்டுரையில எங்க ஊரு பேரே இல்லக்கா."

"தெரியும் தம்பி."

"பஸ் ஸ்டாப்புல தண்ணிப் பந்தலுக்கு அவரு பேருதான் வச்சிருக்கோம். எங்கம்மாதான் தெனமும் பானைய நெறைக்கா. நான் இந்தக் கட்டுரைய எழுத ஆரம்பிச்சதே அந்த ராசாவாலதான்."

ஜுலைகா வாப்பா சொன்ன கதையைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. லிங்கேஷ் கேட்டான்: "வேற ஊரு எத்தனயோ இருக்க, ஒங்க வாப்பா எங்க ஊரப் பாத்து எதுக்கு அப்பிடிச் சொல்லணும்? ஞாயித்துக்கெழம வாங்கக்கா. ஊருல யாருக்காச்சும் தெரிஞ்சிருந்தா ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவன் இன்னும் சான்று தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. ஒரு கல்வெட்டு, ஒரு நடுகல், ஏதாவது ஒன்று அங்கே இருந்துவிட்டால் வாப்பாவும் பிழைப்பார், அவளும் பிழைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிக் குருவிகுளம் தாண்டி இறங்கினாள். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. இறங்கிய இடத்திலேயே தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு மண்பானை, 'நன்னீர்வேள் தண்ணீர்ப் பந்தல்' என்று நீலப் பெயிண்டில் பலகை. தன் கற்பனைக்கு யாரோ பெயிண்ட் அடித்து வைத்திருப்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. லிங்கேஷ் குளத்துக்குக் கூட்டிப் போனான். கரையில் நடந்து பார்த்தாள். மடை ஒன்றுதான் இருந்தது. கல்வெட்டும் இல்லை, நடுகல்லும் இல்லை. குளத்துக்குள் ஆடு மேய்ந்தது.

வீட்டில் அவன் அம்மா கோமதித்தாய் காப்பி கொடுத்தாள். அறுபத்து நாலு வயது, வெடுக்கென்று பேசுகிற பெண். மகன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் ஜுலைகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையநல்லூரு கைலிக்கார பாயா? பச்ச சைக்கிளு, ஹாண்டில்பார்ல தூக்குச்சட்டி தொங்கும், அவரா?"

தூக்குச்சட்டியை ஜுலைகாவே மறந்து போயிருந்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவரு சொன்ன ராசா கத எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன். எனக்குப் பன்னெண்டு பதிமூணு வயசு. எழுவத்து நாலாம் வருசக் கோட. கொளம் வறண்டு கெடக்கு. உள்ள ஊத்துத் தோண்டி வச்சிருக்கோம். ஒரு கொடம் ஊற அரை நாளு ஆவும். பொம்பளைய வரிசையில கெடப்பாளுவ. அன்னைக்கு எங்கம்மா மொற. அந்நேரம் பாத்து பாயி சைக்கிள உருட்டிக்கிட்டு வாராரு. மொகம் கறுத்துப் போயி, நாக்கு வெளிய தள்ளுது. எங்கம்மா மொதச் செம்ப அவருட்ட நீட்டிட்டா. பொம்பளைய சண்டைக்கு வந்துட்டாளுவ. 'நமக்கு நின்னா ஊறிரும்ட்டி. அவரு இன்னும் எட்டு மைலு போவணும்'னா. அம்புட்டுதான்."

"பொறவு?"

"பொறவு என்ன, வந்தா மொதல்ல எங்க வீட்டு முன்னாலதான் மணியடிப்பாரு. 'என்ன ராணி, கஜானா நெறஞ்சிருக்கா?'ம்பாரு. கஜானான்னா தண்ணிப் பான. எங்கம்மா சிரிப்பா. அவ பேரு பேச்சியம்மா. காடு கெடையாது, கர கெடையாது, நாலு ஆடுதான் சொத்து. ராணியாம்!" கோமதித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா சாவுறது வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா, என்னைய ராணின்னு கூப்பிட்டது அந்த பாயி ஒருத்தருதான்னு."

உம்மாவின் எண்ணெய்ச் சட்டிச் சத்தம் ஜுலைகாவின் காதில் கேட்டது. வாப்பா அடுக்களைப் பக்கம் பார்த்த அந்தப் பார்வைக்கு நாற்பத்தைந்து வருடம் கழித்து இன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. 'உப்போடைப்பட்டியில் ஒரு ராணி இருக்கிறாள், அவளுக்காகத்தான் போகிறேன்' என்று உம்மா காதுபட அவர் எப்படிச் சொல்வார்? உம்மா லேசுப்பட்டவளா? எந்த ராணி, என்ன வயது, என்ன நிறம் என்று கரண்டியோடு வந்து நின்றிருப்பாள். மனிதர் கயிறு சுருட்டுகிற நேரத்துக்குள் ராணியை ராஜாவாக்கி, பானையைக் குளமாக்கித் தப்பித்துக்கொண்டார். நன்றியை மட்டும் மாற்றவில்லை. மூன்று மடையும் பெயரும் சேர்த்து அந்த ராஜாவுக்கு முடிசூட்டியது மகள். ஜுலைகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. கோமதித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பந்தலுக்கு ஒங்கம்மா பேர வைக்கலாமே" என்றாள் ஜுலைகா, பஸ்ஸுக்கு நிற்கும்போது.

"பேச்சியம்மா பேர வச்சா ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாக் கேப்பானுவ. ராசா பேருன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். பலக கெடந்துட்டுப் போவுது. தண்ணி எங்கம்மா தண்ணிதான்." கோமதித்தாய் முதல் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். ஜுலைகா நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் லிங்கேஷ் போன் செய்தான். குரல் தெளிந்திருந்தது. "அக்கா, பேச்சியம்மா விசயத்த ஒரு வரி சேத்துக்கிடலாமா?"

"சான்று?"

"எங்கம்மா சொன்னதுதான்."

"எங்க வாப்பா சொன்னத நான் எழுதுனதும் அப்பிடித்தான் தம்பி."

அவன் சிரித்துவிட்டான். "சரிக்கா. நீங்களே எடுத்துருங்க. நான் எடுத்தா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா."

ஜுலைகா 2010இல் தான் எழுதிய ஊர்க் கட்டுரையிலிருந்து அந்த வரியை முதலில் எடுத்துவிட்டு, லிங்கேஷின் கட்டுரையைத் திறந்தாள். நன்னீர்வேளின் பத்தியை ஒரு முறை முழுக்கப் படித்தாள். தேர்ந்தெடுத்து அழித்தாள். இருபத்து நாலாம் அடிக்குறிப்பு தானாக நகர்ந்து இருபத்து மூன்றாயிற்று. கீழே காரணப் பெட்டி காத்திருந்தது. அதில் அடிப்பது வரலாற்றுப் பக்கத்தில் அழியாமல் கிடக்கும். வழக்கமாக அவள் அதில் 'சான்றில்லை' என்று ஒரு சொல் அடிப்பாள். இன்றைக்கு விரல் அதோடு நிற்கவில்லை.

"அப்படி ஒரு அரசன் இருந்ததில்லை. 1974 கோடையில் உப்போடைப்பட்டிப் பேச்சியம்மாள், வரிசையில் தனக்குக் கிடைத்த முதல் செம்புத் தண்ணீரைக் கடையநல்லூர்க் கைலி வியாபாரி பாதுஷாவுக்குக் கொடுத்தார். அவர் அந்த அம்மாவை ராணி என்று அழைத்தார்."

பின்னால் வந்து நின்று படித்துக்கொண்டிருந்த ஆரிப், "என்ன சான்று அக்கா, இதுக்குச் சான்று எங்க?" என்றார்.

"இந்தப் பெட்டிக்கு யாரும் சான்று கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஜுலைகா 'சேமி' என்ற பொத்தானை அமுக்கினாள்.